நாற்காலி முதுகில் ஒரு தட்டு

நான் வேலையில் இருந்தவரை சனிக்கிழமை தோறும் என் அலுவலகப் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ இருக்கும். அடியில் மெத்தென்ற தோல் வைத்தது. தெருவில் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. வாசலில் பையைச் சோதிக்கும் செக்யூரிட்டி அண்ணன் ஒவ்வொரு வாரமும் அதை எடுத்து, கவிழ்த்து, அடியைத் தடவிப் பார்ப்பார். "புச்சாவே கீதே மேடம், போடவே மாட்டீங்களா?" என்பார். "இது நடக்கிற ஷூ இல்லண்ணா, ஆடுற ஷூ" என்று நானும் ஒவ்வொரு வாரமும் சொல்வேன். மறுவாரம் மறுபடி கேட்பார். அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

நாளை முதல் சப்போர்ட் டீமில் உட்காரப் போகும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். வாயைத் திறந்தால் நான் சுலபத்தில் மூடுகிறவள் இல்லை என்பதால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். கம்ப்யூட்டர் சமாச்சாரத்தைச் சொல்லித்தர என்னைவிடக் கெட்டிக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். நான் சொல்லப் போவது டான்ஸைப் பற்றி. பொறுமையாகப் படியுங்கள், வேலைக்கும் வந்து சேருவேன்.

நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் இது. என் வீட்டுக்காரர் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தார். அவர்கள் கம்பெனி விழா ஒன்று மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் நடந்தது. வரவேற்பு மேஜையில் எங்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்த இளைஞர், விருந்துக்கு முன்னால் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து ஒரு பெண்ணோடு வால்ட்ஸ் ஆடினார். மேற்கத்திய நடனம். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று, கை பிடித்து, தரை முழுக்கச் சுழன்றபடி போவது. உறவுக்காரர் கல்யாணத்தில்கூட ஒரு குதி குதிக்காத மனிதர் என் வீட்டுக்காரர். வாயைப் பிளந்தபடி பார்த்துவிட்டு, "ஏம்மே, நாம்பளும் கத்துக்கலாமா?" என்றார். அவர் என்னிடம் ஆசையாகக் கேட்ட விஷயங்கள் ரொம்பக் குறைவு. அடுத்த சனிக்கிழமை மாலை, கேளம்பாக்கத்தில் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் அதே இளைஞர் நடத்திய வகுப்பில் போய் நின்றோம். எங்கள் வயதில் பாதிகூட அவருக்கு இருக்காது. இருந்தாலும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம்.

இந்த ஆசையால் பட்ட பாடு கொஞ்சமில்லை. சர்ச்சில் பக்கத்து பெஞ்சு அக்கா, "சொந்தப் புருஷனப் புடிச்சிகினு ஆடறதுக்கு ஒரு கிளாஸா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். ஆண்டு விழா வந்தால் எச்.ஆர். பெண் வந்து, "மேடம், ஒரு குத்துப்பாட்டுக்கு ஆடிடுங்களேன்" என்பாள். அது வேறு இது வேறு என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த ஆளைப் பிடிக்கப் போய்விடுவாள். நாள் முழுக்கக் கூன் போட்டு உட்கார்ந்துவிட்டு வகுப்பில் போய் நின்றால் மாஸ்டர், "தோள இறக்குங்கக்கா. ஆபீஸ இன்னும் தூக்கிகினு கீறீங்க" என்பார். என் அம்மா திருக்கழுக்குன்றம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நடவு என்பதே பின்னால் நகர்ந்துகொண்டே செய்கிற வேலை. நான் பின்னடி வைத்து ஆடும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "இத்த நான் சேத்துலயே பண்ணினேன். உனுக்கு ஷூ வேற கேக்குது" என்றார்.

ஒரு முறை பெரிய ஃபைல் ஒன்று காப்பி ஆகட்டும் என்று காத்திருந்தேன். நடைபாதை காலியாக இருந்தது. இல்லாத துணையை இருப்பதாக நினைத்துக்கொண்டு கைகளை வளைத்து ஒரு சுற்று ஆடினேன். தலைக்கு மேல் கேமரா இருப்பது ஞாபகமில்லை. மறுநாள் செக்யூரிட்டி அண்ணன் என்னை நிறுத்தி, "மேடம், திரும்பற எடத்துல கொஞ்சம் ஸ்லோ பண்ணா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். மாஸ்டரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் நடத்துவார், பெண் தொடர்வாள். பெரும்பாலும் அவர் முன்னால் வருவார், நான் பின்னால் போவேன். சில இடங்களில் அது மாறி, அவர் பின்னால் போவார். அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் எந்த ஜோடி வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. அவர் தோளுக்கு மேலே பார்க்கிற எனக்குத்தான் தெரியும். மோதப் போகிறோம் என்று பட்டால், அவர் தோளில் இருக்கும் கையால் நான் ஒரு அமுக்கு அமுக்க வேண்டும். உடனே அவர் நின்றுவிட வேண்டும். எதற்கு என்று கேட்கக் கூடாது. மாஸ்டர் இதைச் சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஜோடிகள் மோதி ஒரு அம்மாவின் மூக்குக்கண்ணாடி உடைந்த பிறகுதான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

நம் வேலையிலும் ரிலீஸ் நாளில், அதாவது புது வெர்ஷனை ஏற்றுகிற நாளில், கீபோர்டில் கை வைத்திருப்பவர் அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டு போவார். அவர் முதுகுக்கும் ஒரு கண் வேண்டும் என்று தோன்றியது. அதனால் டீமில் ஒரு ஏற்பாடு செய்தேன். ஒருவர் ஓட்டுவார். இன்னொருவர் சற்றுப் பின்னால் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். மனதில் ஏதாவது இடறினால் முன்னால் இருப்பவரின் நாற்காலி முதுகில் ஒரு தட்டு. ஆபீஸில் தோளை அமுக்கச் சொல்ல முடியாதே. தட்டு விழுந்தால் ஓட்டுகிறவர் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட வேண்டும். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். பசங்களுக்கு இது விளையாட்டாக இருந்தது. டீயில் சர்க்கரை அதிகமானால்கூட நாற்காலியைத் தட்டினார்கள்.

அந்த டீமில் டில்லி என்று ஒரு பையன் இருந்தான். பையன் என்று சொல்கிறேனே தவிர, கல்யாணமாகி மனைவியோடு கேளம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தவன். செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். நம் கம்பெனி ஆள் இல்லை, காண்ட்ராக்ட்டில் வந்தவன். கழுத்தில் தொங்கும் அட்டையின் நாடா எங்களுக்கு நீலம், அவர்களுக்குப் பச்சை. காண்ட்ராக்ட்டை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். மேலே இருக்கும் யாராவது ஒருவர் வேண்டாம் என்று மெயில் போட்டால் அதோடு சரி. டில்லிக்குக் கண் கூர்மை. வாயும் அப்படித்தான்.

மறைமலைநகரிலேயே வேறொரு உதிரிபாகத் தொழிற்சாலை எங்கள் சாஃப்ட்வேரை வைத்திருந்தது. சரக்கு லாரி கேட்டைத் தாண்ட வேண்டுமானால் அதிலிருந்துதான் பாஸ் அச்சாக வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம், இரண்டு ஷிப்டுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் புது வெர்ஷனை ஏற்றச் சொல்லியிருந்தார்கள். நான் ஓட்டினேன். டில்லி பின்னால் உட்கார்ந்தான். அன்று மாலை மாஸ்டர் வேலை பார்க்கும் ரிசார்ட்டில் எங்கள் வகுப்பு முழுவதும் விருந்தினர்கள் முன்னால் ஆடுவதாக ஏற்பாடு. வெளியாட்கள் முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் ஆடப் போவது அதுதான் முதல் தடவை. ஷூ காலடியில் பையில் இருந்தது. நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் வந்துவிட்டோம்.

அப்போது என் நாற்காலியில் தட்டு விழுந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"இன்னா டில்லி?"

"தெர்லக்கா. இப்ப ஒரு லைன் ஓடிச்சே, அது எனக்குப் புரில. இன்னாவோ ஒரு மாதிரி கீது."

"எர்ரரா?"

"எர்ரர்னு சொல்லல. ஆனா டெஸ்ட் பண்ணப்ப நான் இத்தப் பாக்கல."

இரண்டு பேரும் அந்த வரியை உற்றுப் பார்த்தோம். எனக்கும் பிடிபடவில்லை. மேலே போனால் எல்லாம் சரியாகவே இருக்கலாம். சரியாக இல்லாவிட்டால் திரும்பி வர நேரம் இருக்காது. புரியாத ஒன்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மேலே போக எனக்கு மனம் வரவில்லை. பழைய வெர்ஷனுக்கே திரும்பிவிடலாம் என்று சொல்லி, திரும்ப ஆரம்பித்தோம். அந்தத் திரும்புதல் நாங்கள் நினைத்ததைவிட இழுத்தது. அடுத்த ஷிப்ட் தொடங்கியும் பாஸ் அச்சாகவில்லை. தொழிற்சாலை கேட்டிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு வரை லாரிகள் வரிசை கட்டி நின்றன. அந்தத் தொழிற்சாலையின் சரக்குப் பிரிவு மேலாளர் போனில் கத்திய கத்தலை நான் இங்கே எழுதப் போவதில்லை.

எல்லாம் பழையபடி ஆன பிறகு அந்த வரியைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. ஒரு கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தாண்டிப் போகிறேன் என்கிற சாதுவான தகவல். நிறுத்தியே இருக்க வேண்டாம். டில்லி முகம் செத்துப் போயிருந்தது. "வுடு, அடுத்த சனிக்கிழமை போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

என் வீட்டுக்காரர் வீட்டுக்குத் தாமதமாக வந்தார். கம்பெனி பஸ் வழியில் மாட்டிக்கொண்டதாம். "ஜி.எஸ்.டி. ரோடு பூரா லாரிமே. எந்தக் கம்பெனிலயோ கேட் பாஸ் அடிக்கலியாம். எவன் பண்ண வேலையோ, நல்லா இருப்பானா?" என்று திட்டியபடி சட்டையை மாற்றினார். "நான்தான்" என்றேன். சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, "சரி, ஏறு" என்றார்.

ரிசார்ட்டில் கடல் பக்கம் திறந்திருந்த கூடத்தில் ஆடினோம். பளபளவென்று மரத்தரை. முதல் சுற்று நன்றாகவே போனது. இரண்டாவது சுற்றில் அவர் பின்னால் போகும் இடம் வந்தது. அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். பெரிய தட்டில் கண்ணாடி டம்ளர்களோடு ஒரு பரிமாறுகிறவர் தரைக்குள் கால் வைப்பதுபோல் இருந்தது. அமுக்கினேன். என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். பரிமாறுகிறவர் உள்ளே வரவே இல்லை, ஓரத்திலேயே திரும்பிப் போய்விட்டார். மற்ற ஜோடிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போக, நாங்கள் மட்டும் நாற்சந்தி போலீஸ்காரர் மாதிரி நடுவில் நின்றோம். விருந்தினர்களில் யாரோ சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஒரே நாளில் இரண்டு தடவை ஒன்றுமில்லாததற்கு நின்றாயிற்று. என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாட்டைக் கேட்டுக்கொண்டே காத்திருந்து, சரியான இடம் வந்ததும் மறுபடி ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். அவர் அதுவரை அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

"எதுக்கு அமுக்கினேன்னு நீங்க கேக்கவே இல்லியே?"

"எதுக்குக் கேக்கணும்?"

"அங்க ஒண்ணுமே இல்ல. நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்."

"இருக்கட்டுமே. நான் கேட்டா அடுத்த தபா நீ யோசிப்ப. நீ யோசிச்சா லேட்டு. அப்பால என் முதுவ யாரு பாக்கறது?" என்றார். பிறகு டீக்கடைக்காரரிடம் பஜ்ஜி சூடாக இருக்கிறதா என்று விசாரிக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை என் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, அவர் தலைக்கு மேலும் ஆட்கள் இருந்தார்கள்.

"எஸ்தர், கஸ்டமர் ரொம்பக் கோவமா இருக்கார். நிறுத்தச் சொன்னது யாருன்னு ரிப்போர்ட்ல பேர் கேக்கறார். டில்லின்னு சொன்னாங்க. காண்ட்ராக்ட் பையன்தானே? இந்த மாசம் புதுப்பிக்கிறதும் வருது. அதோட முடிச்சிக்கலாம். யாருக்கும் கஷ்டமில்ல."

யாருக்கும் என்ற கணக்கில் டில்லி வரவில்லை என்பது எனக்குச் சுருக்கென்று பட்டது. அதைவிட இன்னொன்று நினைத்துப் பயந்தேன். இன்றைக்கு டில்லி பேர் போனால், நாளைக்கு என் நாற்காலியை யாரும் தட்ட மாட்டார்கள்.

"நிறுத்தினது நான் சார். என் பேர் போடுங்க."

"அவன் சொல்லித்தானே நிறுத்தினீங்க?"

"கீபோர்டு மேல இருந்தது என் கை. எடுத்ததும் என் கைதான்."

"எஸ்தர், உங்க புரமோஷன் பேச்சு ஓடிட்டிருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் சார்" என்றேன். உண்மையில் யோசித்திருந்தால் பயந்திருப்பேன். என் பேர்தான் ரிப்போர்ட்டில் போனது. புரமோஷன் வேறு ஒருவருக்குப் போனது. அதை நான் சிரித்தபடி ஏற்றுக்கொண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வயிறு எரிந்தது. கொஞ்ச நாள் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். வகுப்பில் என் வீட்டுக்காரர் காலை இரண்டு தடவை மிதித்தேன், அதில் ஒன்று வேண்டுமென்றே.

டில்லிக்குக் காண்ட்ராக்ட் புதுப்பித்தார்கள். விஷயம் தெரிந்ததும் என் மேஜைக்கு வந்து நின்றான். "நீ இன்னாத்துக்குக்கா உன் பேரக் குடுத்த? தட்டினது நானு." "தட்டறதுதான் உன் வேலை, நிறுத்தறது என் வேலை. போய் உன் வேலையப் பாரு" என்றேன். போனான். ஆனால் அதன் பிறகு அவன் தட்டவே இல்லை. நிறுத்தி வைத்த அந்த வெர்ஷனை அடுத்த சனிக்கிழமை ஏற்றினோம், சத்தமில்லாமல் ஏறியது. அடுத்தடுத்த ரிலீஸ்களிலும் டில்லிதான் பின்னால். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். கண் மட்டும் ஸ்கிரீனில் ஓடும். ஒரு நாள் ஏதோ வரியில் அவன் கண் நின்றதைக் கண்ணாடிச் சுவரின் பிரதிபலிப்பில் பார்த்தேன். கை வரவில்லை. என் பேரைக் கொடுத்தது வீணாகிவிட்டதே என்று அன்றைக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. நான் காப்பாற்றியது அவன் வேலையை மட்டும்தான். அவன் கையை இல்லை.

அவனைக் கூப்பிட்டுப் புத்தி சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொன்னாலும் தலையாட்டுவான், அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் வகுப்பில் ஜோடிகள் குறைந்து போயின. மாஸ்டர் ஆள் பிடித்து வரச் சொன்னார். டில்லியையும் அவன் மனைவியையும் கூப்பிட்டேன். அவன் மனைவி உடனே சரி என்றாள். இவன், "அசிங்கமா இருக்கும்க்கா" என்றபடியே வந்தான். ஆட்டம் அவனுக்குச் சுத்தமாக வரவில்லை. ரோடு ரோலர் மாதிரி நேராக மட்டும் போவான், திரும்ப மாட்டான். முதல் வாரமே பின்னடியும் தோளை அமுக்குவதும் சொல்லித் தந்திருந்தார்கள். இரண்டாவது வாரம் ஒரு சுற்றில் டில்லி பின்னால் போனான், போனான், மெத்தைக் கடைத் தூணில் டமாரென்று போய் இடித்துக்கொண்டான். அவன் மனைவி அவன் தோளுக்கு மேலே தூணைப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். எல்லாரும் சிரித்தோம். டில்லி தோல் பெயர்ந்த பின்மண்டையைத் தேய்த்துக்கொண்டு கேட்டான்:

"தூணு தெரியுது இல்ல? அமுக்க வேண்டியதுதான?"

"அமுக்கலாம்னுதான் பாத்தேன்."

"அப்பறம்?"

"போன தபா அமுக்கினப்ப 'இன்னாத்துக்கு, இன்னாத்துக்கு'ன்னு எல்லார் எதுர்லயும் கத்துன. மறுபடி கத்துவியோன்னு வுட்டுட்டேன்."

டில்லி மண்டையைத் தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த ரிலீஸுக்கு அந்தத் தொழிற்சாலையிலிருந்தே ஒருவரை அனுப்பியிருந்தார்கள். போனில் கத்தினாரே, அதே சரக்குப் பிரிவு மேலாளர். எங்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டார். டில்லி பின்னால் உட்கார்ந்தான். அவன் கை எங்கே இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை, திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பாதி வரை ஒன்றுமில்லை. பாதிக்கு மேல் நாற்காலி முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

கையை எடுத்துவிட்டேன்.

"என்ன மேடம், மறுபடியுமா?" என்று மேலாளர் எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் சார், பாக்கறோம்" என்றேன். "சொல்லு டில்லி."

"அக்கா, அந்த ரெண்டாவது சர்வர்ல டைம் வேற மாதிரி காட்டுதோன்னு ஒரு டவுட்டு."

பார்த்தோம். மேலாளர் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். இரண்டு சர்வரிலும் நேரம் ஒன்றாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும் வெளிநாட்டு நேரக் கணக்கில் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

"ஒண்ணும் இல்லக்கா," என்றான் டில்லி. "போலாம்."

எதற்குத் தட்டினாய் என்று நான் கேட்கவில்லை. கையை மறுபடி கீபோர்டில் வைத்தேன். ரிலீஸ் முடிந்தது, பாஸ் அச்சானது, லாரிகள் போயின. மேலாளர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, கை குலுக்கிவிட்டுக் கிளம்பினார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அத்தனை வருஷ வேலையில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை. அன்று எதுவும் நடக்கவில்லை. யாரும் எதையும் காப்பாற்றவில்லை. ஒரு முறை தப்பாகத் தட்டி அத்தனை பட்டவன், அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே இன்னொரு முறை தட்டினான், அவ்வளவுதான்.

இப்போது எனக்கு அலுவலகம் இல்லை. என் வீட்டுக்காரருக்கு முழங்கால் கொஞ்சம் தகராறு செய்கிறது, மெதுவான பாட்டுக்கு மட்டும் ஆடுகிறோம். போன வாரம்கூட ஒன்றுமில்லாததற்கு அமுக்கினேன். நின்றார். செக்யூரிட்டி அண்ணன் வழியில் பார்த்தால் இன்னும் ஷூவைப் பற்றித்தான் விசாரிக்கிறார்.

டில்லியின் கழுத்தில் இப்போது நீல நாடா தொங்குகிறது. உங்கள் லீட் அவன்தான். பேச்சு கரடுமுரடாக இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நாளைக்கு ரிலீஸ் என்று கேள்விப்பட்டேன். அவன் ஓட்டுவான், உங்களில் ஒருவர் அவன் நாற்காலிக்குப் பின்னால் உட்காருவார். ஏதாவது இடறினால் தட்டுங்கள். கையை எடுத்துவிடுவான். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் எதற்கு என்று கேட்க மாட்டான். தூணில் இடித்த வடு அவன் பின்மண்டையில் இன்னும் இருக்கிறது, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து நன்றாகத் தெரியும்.